மேற்குச் சுவர் ஓரத்து மெஷின்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவின் வலக்கண் நன்றாக ஆறிவிட்டது. சொட்டு மருந்தைத்தான் வேளைக்கு வேளை நான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மாமா வீட்டு விவகாரம் நீ எதிர்பார்த்தபடியேதான் முடிந்தது, அதை நேரில் சொல்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உன்னிடமிருந்து அழைப்பு இல்லை. புனே பக்கத்துச் சாக்கனில் மழை கடுமை என்றும், நீ வீடு திரும்பப் பத்து மணிக்கு மேல் ஆகிறது என்றும் மாப்பிள்ளை சொன்னார். ஆலைத் தலைமைப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆகவே இதைக் குறையாக எழுதவில்லை.

நம் உறவில் முந்நூறு பேர் வேலை பார்க்கும் ஒரு தொழிற்சாலையை நடத்துகிற முதல் ஆள் நீ. இதைப் பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது என்று அம்மா என்னைக் கேலி செய்கிறாள். சொன்னதில் எனக்கு வெட்கமில்லை. எட்டு வயதில் அத்தையின் தையல் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, பாபினில் இருக்கும் நூலும் ஊசியில் இருக்கும் நூலும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று என்னைக் கேட்டவள் நீ. நூலோடு பழகிய எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை என்பதும், அத்தை ஒரு மாதம் நம் வீட்டுப் படியேறவில்லை என்பதும் உனக்கு நினைவிருக்கும்.

அந்தக் கேட்கும் குணத்தைப் பற்றித்தான், பொதுவாக ஒன்று எழுத நினைத்தேன். நீ வேலை பார்ப்பது கார் உதிரிபாகத் தொழில் என்பதால் டொயோட்டாவின் முறைகளை உனக்குச் சொல்வது கொல்லத் தெருவில் ஊசி விற்பதாகும். ஆனாலும் அதன் வேர் எங்கள் நூல் தொழிலில்தான் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. டொயோட்டா குழுமத்தின் மூலவரான சகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கிய தானியங்கித் தறியில், நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒன்று அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். 1929இல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் வாங்கியது. எங்கள் மில்லில் ஓடிய, நூல் நூற்கும் பழைய ரிங் ஃபிரேம்களும் அந்தக் கம்பெனியுடையவையே. ஓர் இழை அறுந்ததற்காக ஒரு முழுத் தறியை நிறுத்துவதா என்று அன்றைக்குப் பல முதலாளிகளுக்குத் தோன்றியிருக்கும். பிற்பாடு டொயோட்டா கார் ஆலையில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் வேலை செய்தபோது அதே எண்ணத்தைத் தொழிலாளியின் கையில் கொடுத்தார்; தவறு கண்டவன் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்றார். மெஷின் நின்றால் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்கவும் சொன்னார். ஃபியூஸ் ஏன் போயிற்று, சுமை கூடியதால். சுமை ஏன் கூடியது, பேரிங்கில் எண்ணெய் போதாததால். எண்ணெய் ஏன் போதவில்லை, பம்ப் சரியாக இழுக்காததால். பம்ப் ஏன் இழுக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்ததால். தண்டு ஏன் தேய்ந்தது, வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள் உள்ளே போனதால். முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் மறுநாளும் ஒரு ஃபியூஸ்தான் மாற்றியிருப்பார்கள்.

ஆகவே கேள், அம்மிணி. மெஷின் பக்கத்தில் நிற்பவனிடம் கேள். லாரி கேட்டில் நிற்கும்போது விசாரணை நடத்தச் சொல்லவில்லை. வரிசை ஓடிய பிறகு, மறுநாள் காலையில் அவன் நிற்கும் இடத்துக்கே போய்க் கேள். அதிலும் “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று மேலே இருப்பவர் கேட்டால் அது மெமோவுக்கு முன்னுரையாகத்தான் கீழே இருப்பவன் காதில் விழும், “நீ என்ன பார்த்தாய்?” என்று கேட்டால் அவனுக்குப் பேச வாய் வரும். இதையெல்லாம் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்து சேலஞ்சர் விண்கலத்தின் கதையை எனக்கு விளக்கியவளே நீதான். குளிரில் ராக்கெட்டின் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் இறுகிவிடும், ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று முந்தின இரவு தொலைபேசிக் கூட்டத்தில் பொறியாளர்கள் மன்றாடியதையும், பொறியாளன் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியைப் போட்டுக்கொள் என்று அவர்களுடைய மேலதிகாரி ஒருவருக்கு அவருக்கும் மேலே இருந்தவர் சொன்னதையும், மறுநாள், 1986 ஜனவரி 28 அன்று, 73 நொடிகளில் ஏழு உயிர்கள் போனதையும் நீ சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தொப்பியைச் சொல்லும்போது உனக்கு வந்த கோபத்தை நான் மறக்கவில்லை. நீ மறந்துவிடக் கூடாது.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அம்மாவின் அறுவைக்கு வந்திருந்தபோது, கிணற்றடியில் நின்று நீ தொலைபேசியில் பேசியது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, தென்னை மட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். காரணம் எதுவும் எனக்கு வேண்டாம், எத்தனை மணிக்கு ஓடும் என்பதை மட்டும் சொல் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். எதிர்முனையில் இருந்தவர் மறுபடியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நீ இணைப்பைத் துண்டித்துவிட்டாய். அந்த வாக்கியம் உன்னுடையது அல்ல, என்னுடையது. அது எப்படி உன்னிடம் வந்து சேர்ந்தது என்று இரண்டு மாதமாக யோசிக்கிறேன்.

நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் ரிங் ஃபிரேம் பிரிவில் மேற்குச் சுவர் ஓரத்து மெஷினில் மதியம் மூன்று மணிக்கு மேல் நூல் கண்டபடி அறுந்துகொண்டிருந்தது. அங்கே சைடராக, அதாவது மெஷினைப் பார்த்து அறுந்த நூலை ஒட்டுபவராக, இருந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். “சார், இந்த மூலையில் மட்டும் பஞ்சு கையில் ஒட்டுகிறது, காற்று சரியில்லை” என்று மூன்று முறை வந்து சொன்னார். பிரிவின் நடுத் தூணில் ஈரக் குமிழும் உலர் குமிழும் கொண்ட வெப்பமானி தொங்கும். உலர் 33, ஈரம் 26, ஆக ஈரப்பதம் 57 சதவீதம் என்று என் கையாலேயே குறித்திருந்தேன். ரிங் ஃபிரேமுக்கு அது சரியான அளவு. நோட்டைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். காற்று சரியாக இருக்கிறது, உம்முடைய கைதான் சரியில்லை, காரணம் எனக்கு வேண்டாம், அறுபட்டதை எப்போது ஒட்டி முடிப்பீர் என்று மட்டும் சொல்லும் என்றேன். தூணிலிருந்து அந்த மூலைக்கு அறுபது அடி இருக்கும். ஒருநாள் மதியம் நடந்துபோய் அங்கே நின்றிருந்தால் என் கைக்கே தெரிந்திருக்கும். நான் நடக்கவில்லை.

இரண்டு மெமோ கொடுத்தேன். பிறகு நான்கு நாள் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்தேன். திரும்பி வந்தவர் ஒரு மாதத்தில் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த பையன் கையிலும் நூல் அறுந்தது. அவன் என்னிடம் வந்து எதுவுமே சொல்லவில்லை. சொன்னவருக்கு என்ன ஆனது என்பதை அந்தப் பிரிவே பார்த்திருந்தது. ஐந்து மாதம் கழித்து, வேறு வேலையாக ஏணியில் ஏறிய ஃபிட்டர்தான் அந்த மூலைக்கு வரும் காற்றுக்குழாயின் டேம்பர் என்ற அடைப்புத் தகடு மூடியிருப்பதைக் கண்டார். மழைக்காலத்தில் அதன் வழியே பாபின்கள் மேல் தண்ணீர் சொட்டியதால் யாரோ மூடியிருக்கிறார்கள். ஏன் சொட்டியது என்று பார்த்தால், கீழே காற்றை ஈரப்படுத்தும் பிளாண்டில் நீர்த்துளிகளைத் தடுத்து நிறுத்தும் தகடுகளில் நான்கு உடைந்திருந்தன. மதிய வெயிலில் மேற்குச் சுவர் காய்ந்து, ஈரக் காற்று வராத அந்த மூலை மட்டும் வறண்டுபோயிருக்கிறது. வறண்ட காற்றில்தான் பஞ்சு கையில் ஒட்டும், நூல் அறும். பெரியவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

தகடுகளை மாற்றினோம். அறுபடுவது குறைந்தது. அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. உற்பத்தி கூடியதற்காக என்று ஆணையில் எழுதியிருந்தார்கள். அந்தத் தீபாவளிக்குத்தான் உனக்குச் சைக்கிள் வாங்கினோம். பெரியவரின் வீடு எனக்குத் தெரியும். ஒண்டிப்புதூர் பேருந்தில் போனால் இருபது நிமிடம். நான் போகவில்லை. அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அவள் தூங்கிய பிறகுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ சிறுவயதில் என் மடியில் உட்கார்ந்து, இன்றைக்கு மில்லில் என்ன நடந்தது என்று கேட்பாய். வீட்டில் எல்லாவற்றையும் சொல்வேன். ஒருவரை எப்படி வாயடைத்தேன் என்பதையும் சாமர்த்தியமாக நடித்துக் காட்டியிருக்கிறேன். நீ கைதட்டிச் சிரித்திருக்கிறாய். ஆகவே உன்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

மருந்துக் கடையில் அம்மாவின் சொட்டு மருந்து இருப்பு இல்லை என்கிறார்கள். நாளை காந்திபுரம் போய்ப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: அன்று தொலைபேசியில் பேசியவர், நீ துண்டிப்பதற்கு முன், என்ன சொல்ல வந்தார் என்பது உனக்குப் பிறகாவது தெரியவந்ததா? அவர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா?