அப்பாவின் உயரம்

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
ஏப்ரல், ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அக்கா, மாப்பிள்ளை, பாப்பா எல்லோரும் நலம். பாப்பாவுக்குத் தலை நின்றுவிட்டது. குளிக்க ஊற்றும்போது மட்டும் ஊரைக் கூட்டுகிறாள்.

போன வாரம் நீ போனில் சத்தம் போட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா கதவைத் திறந்து போட்டுட்டுத் திண்ணையில உக்காந்திருக்காரும்மா, கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு" என்றாய். உனக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை. போனில் சொல்கிற சங்கதியும் இல்லை இது. அதனால்தான் அக்காவிடம் நோட்டு வாங்கி எழுதுகிறேன். நிதானமாகப் படி.

வியாழக்கிழமைதோறும் இங்கே ஒரு சர்ச் ஹாலில் தையல் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா? அங்கே தைப்பது ரவிக்கையும் பாவாடையும் இல்லை. குவில்ட் என்கிறார்கள். துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த கனமான போர்வை. பட்டாளத்தில் இருந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக. இந்த ஊரே பட்டாளத்து ஊர்தான். ஃபோர்ட் சாம் ஹூஸ்டன், லாக்லேண்ட் விமான தளம், பெரிய ராணுவ ஆஸ்பத்திரி எல்லாம் இங்கே இருக்கின்றன. கடையில் வரிசையில் நின்றால் முன்னால் ஒருவர் பூட்ஸோடு நிற்பார். நம்ம வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை மாதிரி, ஆனால் அதைப்போல நூறு மடங்கு.

முதல் நாள் எனக்குச் சிரிப்புதான் வந்தது. புத்தம்புதுத் துணியை வாங்கி, சதுரமும் முக்கோணமுமாக நறுக்கி, மறுபடி ஒன்றாகத் தைக்கிறார்கள்! நம் வீட்டில் கிழிந்ததைத்தானே ஒட்டுப்போடுவோம்? உன் தொட்டிலில் விரித்தது உன் பாட்டியின் இரண்டு பழைய சேலைகளை மடித்துத் தைத்தது. இவர்களுக்குத் துணி மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து தைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தையலுக்கு விடுகிற துணி சரியாகக் கால் அங்குலம். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் நட்சத்திரத்தின் முனை மழுங்கிவிடும். நான் முப்பது வருஷம் ரவிக்கை தைத்தவள், பின்னால் பிரித்துவிட்டுக்கொள்ள வேண்டும் என்று உள்ளே ஒரு அங்குலம் விட்டே பழகிய கை. முதல் மூன்று நட்சத்திரங்களைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். பக்கத்தில் இருந்த எண்பது வயசு அம்மா ஒன்றும் சொல்லாமல் தையல் பிரிக்கும் கொக்கியை என் பக்கம் நகர்த்திவைத்தாள். அன்றைக்கே சிநேகிதமாகிவிட்டோம். என் இங்கிலீஷும் அவள் காதும் ஒரே தரம்.

'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' என்று இந்தப் போர்வைக்குப் பெயர், வீரத்துக்கான போர்வை என்று அர்த்தம். இதைத் தொடங்கியவர் கேத்தரின் ராபர்ட்ஸ் என்ற பெண். டெலவேர் மாநிலத்துக்காரர். 2003-ல் அவர் மகன் இராக்கில் சண்டையில் இருந்தான், ஜீப் மாதிரியான ராணுவ வண்டியின் மேலே துப்பாக்கியோடு நிற்கிற வேலை. அந்த அம்மாவுக்கு ஒரு கனவு வந்ததாம். நடுராத்திரி. ஒரு பையன் கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அடுத்து பார்த்தால் அவன் மேல் ஒரு குவில்ட் போர்த்தியிருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. அந்த வருஷம் நவம்பரில் வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில், கால் போன ஒரு சிப்பாய்க்கு முதல் போர்வையைக் கொடுத்தார்கள். இன்றைக்கு 3,50,000-க்கும் மேல் கொடுத்தாயிற்று.

எண்பது வயசு அம்மா இதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கணக்கைக் கேட்கவே இல்லை. கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறவன் என்று சொன்னாளே, அங்கேயே நின்றுவிட்டேன். நம் வீட்டில் அவன் கட்டில் ஓரத்தில் இல்லை, திண்ணையில். முப்பத்தைந்து வருஷமாக.

சண்டைக்குப் போர்வை தைப்பது இவர்களுக்குப் பழைய பழக்கம். 1861-ல் இவர்களுக்குள்ளேயே உள்நாட்டுப் போர் மூண்டபோது, சுகாதார ஆணையம் என்று ஒன்று வைத்து, காயம்பட்டவர்களுக்காகப் பெண்கள் இரண்டரை லட்சம் போர்வைகள் அனுப்பினார்களாம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் தக்கபடி ஒடுக்கமாக. மிஞ்சியவை சிலதான், பாதி அந்தப் பையன்களோடேயே மண்ணுக்குள் போயிருக்கும். அதே அளவில், அதே மாதிரியில், இப்போது சண்டையில் இறந்தவர்கள் வீட்டுக்கும் ஒரு கூட்டம் தைத்துக் கொடுக்கிறது. இங்கே பிள்ளை பட்டாளத்தில் இருந்தால் ஜன்னலில் நீல நட்சத்திரக் கொடி தொங்கவிடுவார்கள், போய்ச் சேர்ந்துவிட்டால் அது தங்க நட்சத்திரம். எங்கள் மேஜையில் ஒருத்தி அப்படித் தங்க நட்சத்திரக்காரி. அவள் தைக்கிற நட்சத்திரத்தில் முனை ஒருநாளும் மழுங்காது.

மார்ச் 29-ஆம் தேதி வியட்நாம் போருக்குப் போனவர்களின் நாள். அன்றைக்கு ஹாலில் ஆறு பேருக்குப் போர்வை. 'கொடுப்பது' என்று இவர்கள் சொல்லக்கூடாது, விருது வழங்குவது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு கண்டிப்பு. துவைத்து மெத்தென்று ஆக்கியிருக்க வேண்டும். பின்பக்க மூலையில் வாங்குகிறவர் பெயர், தைத்தவர் பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதின துணிச்சீட்டு இருக்க வேண்டும். கையில் திணித்துவிட்டுப் போகக்கூடாது. இரண்டு பேர் பின்னால் போய் நின்று தோளைச் சுற்றிப் போர்த்த வேண்டும்.

நாலாவதாக வந்தவருக்கு எழுபத்தெட்டு வயசு இருக்கும். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் முதுகு வளையவில்லை. அப்பா மாதிரியே நிற்கிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போர்த்தினார்கள். ஒருத்தி அவர் காதருகே "வெல்கம் ஹோம்" என்றாள். அவ்வளவுதான். அந்த முதுகு இறங்கிவிட்டது. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து வீட்டுக்கு வா என்கிறார்கள். பிறகு காபி குடிக்கும்போது அவர் வீட்டம்மா சொன்னாள்: திரும்பி வந்தபோது ஏர்போர்ட் கழிப்பறையிலேயே யூனிஃபார்மைக் கழற்றிப் பைக்குள் சுருட்டிக்கொண்டுதான் வெளியே வந்தாராம். ஊரில் அந்தச் சண்டை மேல் அத்தனை கோபம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அப்பா அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனது உனக்குத் தெரியும். நீ பிறந்ததே அவருக்கு 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் விலாசத்துக்குப் போன கடிதத்தில்தான் தெரிந்தது. 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டது. அந்த மாதம்தான் அப்பாவும் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினார். அன்றைய முதல்வர் கலைஞர் படையை வரவேற்கப் போகவில்லை, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று. ஊரிலும் அதே பேச்சு. டீக்கடையில், தண்ணீர்க் குழாயில், எங்கும்.

அப்பா லீவில் குடியாத்தம் ஸ்டேஷனில் இறங்கினபோது வேட்டி சட்டையில் வந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டி இல்லாவிட்டால் திருப்பதி போய் வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். உன் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். உனக்குக் காய்ச்சல் இல்லை. நீ முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாய். தெரு வழியாக அவரோடு நடந்து வர எனக்கு வெட்கமாக இருந்தது. வாசலில் வந்து நின்றவர் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்திருக்கும். என்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அங்கே என்ன நடந்தது, அவர் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று நானும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான். அகதி முகாமிலிருந்து ஒரு பெண் ரவிக்கைத் துணி கொண்டுவந்தாள் ஒருநாள். அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் அப்பாவின் யூனிஃபார்ம் படத்தைப் பார்த்தாள். துணியை மடித்து எடுத்துக்கொண்டு, போயிட்டு வாறன் அக்கா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் வரவே இல்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வீட்டில் யார் போனார்களோ. படத்தை அன்றைக்குக் கழற்றியவள் நான்தான், அப்பா இல்லை. அவர் வந்து சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தார், சாப்பிட உட்கார்ந்தார். இங்கே மேஜையிலும் எந்தச் சண்டை நியாயம், எது அநியாயம் என்று யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வியட்நாமிலும் அம்மாக்கள் இருந்திருப்பார்கள்.

ஓய்வு பெற்று வந்ததும் ஏ.டி.எம். காவல் வேலையில் அவரே கேட்டு ராத்திரி டூட்டி வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? கூடச் சம்பளத்துக்கு என்று நீ நினைத்தாய். தூக்கம் வராதவருக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. தீபாவளிக்கு விடியுமுன் மாந்தோப்புக்குப் போய்விடுவதும் தண்ணீர் பாய்ச்ச இல்லை.

அதனால் கண்ணு, திண்ணையில் உட்கார்ந்தால் உட்காரட்டும். திருடன் வருவான் என்று பயந்தால் நீயும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார். ஒன்றும் கேட்க வேண்டாம். டீ போட்டுக் கொடு, சர்க்கரை போடாமல்.

நான் ஒரு போர்வை தைக்கிறேன். இவர்கள் தைப்பது இவர்கள் நாட்டுப் பட்டாளத்தாருக்கு, அந்தப் பெயரை வைக்கவும் நமக்கு உரிமை இல்லை, அது நியாயம். ஆனால் விஷயம் தெரிந்ததும் மேஜையில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மிச்சத் துணி தள்ளிவிட்டார்கள். அக்காவின் பழைய சுங்குடிச் சேலை இரண்டு, என் நூல் சேலை ஒன்று சேர்த்திருக்கிறேன். பச்சையை மட்டும் ஒதுக்கிவிட்டேன். மூலையில் தைக்கிற சீட்டில் அவர் பெயர் எழுதியாயிற்று. எந்த ஊர்ச் சண்டை என்பதை எழுதவில்லை. தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன். ஜூனில் நான் வந்த பிறகு நீயும் நானும் பின்னால் நின்று போர்த்துகிற அன்றைக்கு எழுதிக்கொள்ளலாம். பெட்டிக்கு 23 கிலோதான் என்று மாப்பிள்ளை முணுமுணுக்கிறார். பாதாம், சாக்லேட் எல்லாம் குறைந்தால் கோபித்துக்கொள்ளாதே.

ஒரு காரியம் செய். இங்கே 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம் என்று வைக்கிறார்கள். அப்பாவுக்கு அது போதுமா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் ஊரார் சட்டைக்கெல்லாம் அளவெடுத்தேன், அவர் உயரம் எனக்கு மனசில் இல்லை. என் மெஷின் டிராயரில் டேப் இருக்கிறது. அவரை நேராக நிற்கவைத்து, தோளிலிருந்து குதிகால் வரை அளந்து அக்கா போனுக்கு அனுப்பு. எதற்கு என்று கேட்டால் சட்டை தைக்க என்று சொல். குதிகால் வரைக்கும் என்ன சட்டை என்று நினைத்துக்கொள்வார். கேட்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா