டிஸ்ப்ளே வராத மடிக்கணினிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்ட பிறகு, பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொல்லி எங்கள் சர்வீஸ் கடைக்கு வருவோரின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடாமல் லினக்ஸுக்கு மாறலாம் என்று தங்கள் நாளிதழிலும் ஒரு கட்டுரை வந்தது. நல்ல ஆலோசனைதான். ஆனால் அப்படி மாறுகிறவர்களில் பலர் முதலில் இடறுவது, திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டில். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 2010-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்றைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். தனிக் கிராஃபிக்ஸ் சிப் உள்ள கணினி அது. அவருடைய மகன் வெளியூர் போவதற்கு முன் அதில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவி, கார்டு தயாரிப்பாளர் தரும் டிரைவரையும் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆறு ஆண்டுகள் ஒரு குறையுமின்றி ஓடிய அந்தக் கணினி, புதிய பதிப்புக்கு மேம்படுத்திய அன்றே கறுத்துவிட்டது. திரையின் இடது மேல் மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. வேறொரு கடையில் காட்டியபோது, "போர்டு போய்விட்டது, சிப்பைக் கழற்றி மாற்ற வேண்டும்" என்று சொல்லி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.

கணினியை ஆன் செய்தவுடன் தயாரிப்பாளரின் முத்திரை, கோடோ வண்ணப் புள்ளியோ இல்லாமல் பளிச்சென்று வந்தது. இயங்குதளத்துக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரையும் அப்படியே. சிப் செத்திருந்தால் அதுவே அலங்கோலமாகத்தான் வந்திருக்கும். ஆகவே லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் கார்டின் டிரைவர் திரையைக் கையில் எடுக்காமல் தடுக்கும் 'நோமோட்செட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, எஃப்10 விசையை அழுத்தினேன். எழுத்துகள் பருத்து, படம் கொஞ்சம் இழுபட்டு இருந்தாலும் திரை வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் விஷயம் இவ்வளவுதான்: தயாரிப்பாளரின் பழைய டிரைவரைப் புதிய கர்னலுக்கு (லினக்ஸின் உட்கரு) ஏற்ப மறுபடி உருவாக்கும் முயற்சி பாதியிலேயே தோற்றுப்போயிருந்தது, அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய திறந்தமூல (மூலநிரல் பொதுவில் உள்ள) டிரைவரோ, பழைய டிரைவர் என்றைக்கோ எழுதி வைத்த ஒரு தடைக் கோப்பினால் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. வீட்டைக் காலி செய்தவர் பூட்டைப் போட்டுச் சாவியையும் கொண்டுபோன கதை. பழைய டிரைவரை முழுவதும் நீக்கி, அந்தத் தடைக் கோப்பையும் அழித்து, தொடக்கக் கோப்புகளைப் புதுப்பித்து மறுபடி ஆன் செய்ததும் திரை முழு அளவில் வந்தது. அரை மணி நேர வேலை.

இங்கே பலருக்கும் புரியாத ஒன்று இருக்கிறது. லினக்ஸ் கர்னலின் உள் இடைமுகங்கள், அதாவது டிரைவர்கள் அதனோடு பேசும் வழிகள், நிலையானவை அல்ல. பதிப்புக்குப் பதிப்பு மாறும். அவற்றை ஏன் நிலைநிறுத்த மாட்டோம் என்று கர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய குறிப்பு கர்னலின் ஆவணங்களோடே பல ஆண்டுகளாக இருக்கிறது. அதன் சாரம் என்னவென்றால், டிரைவரின் மூலநிரல் கர்னலுக்குள்ளேயே இருந்தால், இடைமுகத்தை மாற்றுகிறவரே அந்த டிரைவரையும் திருத்திவிடுவார். எழுதியவர் மறந்துபோன டிரைவர்கூட அப்படி உயிரோடு இருக்கும். வெளியே, மூடிய பொட்டலமாக இருக்கும் டிரைவருக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. அதன் நிறுவனம் என்றைக்குக் கையை விடுகிறதோ, அதற்குப் பின் வரும் ஏதோ ஒரு கர்னலில் அது விழுந்துவிடும்.

இதற்கு இரண்டு நிறுவனங்களின் வரலாற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். ரேடியான் கார்டுகளின் தயாரிப்பாளரான ஏடிஐ (பிறகு ஏஎம்டி அதை வாங்கிக்கொண்டது) தன் மூடிய டிரைவரில் 2002-இல் வந்த ரேடியான் 9700 முதல் எக்ஸ்1000 வரிசை வரையிலான கார்டுகளுக்கு 2009-இலேயே ஆதரவை நிறுத்தியது. எச்டி 2000 முதல் 4000 வரையிலானவற்றை 2012-இல் கழற்றிவிட்டது. எச்டி 4000 கார்டுகள் கடைக்கு வந்தே அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆனால் அதே நிறுவனம் 2007 செப்டம்பரில் தன் சிப்களின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிட முடிவுசெய்து, திறந்தமூல டிரைவருக்கு ஆளும் கொடுத்தது. அதன் பலனாக, மூடிய டிரைவர் கைவிட்ட அந்த 2002-ஆம் ஆண்டுக் குடும்பத்துக்கே இன்றைய மேசா என்ற திறந்தமூல கிராஃபிக்ஸ் நூலகத்தில் டிரைவர் இருக்கிறது. மடிக்கணினியில் ரேடியான் என்று இருந்தால் அதன் உரிமையாளர் எதையும் தேடிப் பதிவிறக்க வேண்டியதில்லை. இயங்குதளத்தோடே எல்லாம் வந்துவிடும்.

ஜிஃபோர்ஸ் கார்டுகளின் தயாரிப்பாளரான என்விடியாவின் வழி வேறு. 2006-இல் தொடங்கிய ஜிஃபோர்ஸ் 8 வரிசை முதல் 300 வரிசை வரைக்குமான, 340 என்ற எண் கொண்ட டிரைவரின் கடைசிப் பதிப்பு 2019 டிசம்பரில் வந்தது. 400, 500 வரிசைகளுக்கான 390 டிரைவர் 2022-இன் கடைசியில் நின்றது. நியாயமாகச் சொன்னால், 13 ஆண்டுகள் ஒரு கார்டுக்கு டிரைவர் தருவது குறைந்த காரியமல்ல. அதன் போட்டியாளர் மூடிய டிரைவரில் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். கடையை மூடும்போது சரக்கின் செய்முறையையாவது விட்டுச் சென்றிருந்தால் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது இல்லாததால், நோவோ என்ற திறந்தமூல டிரைவரைத் தன்னார்வலர்கள் சிப்பின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே எழுத வேண்டியிருந்தது. 2010-இல் கர்னல் 2.6.33-இல் சேர்ந்த அந்த டிரைவர்தான் இன்றும் பழைய ஜிஃபோர்ஸ் மடிக்கணினிகளைக் காப்பாற்றுகிறது.

சாளரங்களைத் திரையில் காட்டுவதற்கான வேலண்ட் என்ற புதிய நெறிமுறைக்கு, லினக்ஸின் மேசைச் சூழல்கள் (சின்னங்களும் பட்டியல்களும் கொண்ட முகப்பு) மாறிவருவது இதை இன்னும் அவசரமாக்கியிருக்கிறது. உபுண்டு 25.10-இன் க்னோம் மேசையில், எக்ஸ்11 என்ற பழைய நெறிமுறையில் நுழையும் வழியே இல்லை. வேலண்டுக்குப் பெரும்பாலான மேசைகள் நம்பியிருக்கும் ஜிபிஎம் என்ற வசதி என்விடியாவின் டிரைவரில் 495-ஆம் வரிசையில்தான் வந்தது. ஆகவே 340, 390 டிரைவர்களை ஒட்டுப்போட்டுப் புதிய கர்னலில் நிற்க வைத்தாலும், அந்த மேசைகளில் அவற்றால் பயனில்லை. நோவோவுக்கு அந்தத் தடை கிடையாது. "பழைய டிரைவருக்காகப் பழைய பதிப்பிலேயே இருந்துவிடுகிறேன்" என்பவர்களுக்கும் ஒன்று: 340 டிரைவரோடு வந்த டெபியன் 10 என்ற லினக்ஸ் பதிப்புக்கு நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 ஜூன் 30 உடன் முடிந்துவிட்டன. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதை வைத்திருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

திறந்தமூல டிரைவர் எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். நோவோவில் பழைய கார்டுகள் பெரும்பாலும் தொடக்க வேகத்திலேயே ஓடும்; விளையாட்டு, முப்பரிமாண வேலை என்று வருகிறவர்களுக்கு அது போதாது. யூடியூப் காணொளி திக்கித் திக்கி ஓடினால் அதற்குக் கார்டின் டிரைவரைக் குறை சொல்வது எப்போதும் சரியாகாது. அந்தத் தளம் இப்போது விபி9, ஏவி1 என்ற காணொளிச் சுருக்க வடிவங்களில் அனுப்புகிறது. 2011-ஆம் ஆண்டின் சிப்புக்கு அவை தெரியாது, பழைய வடிவமான எச்.264 தெரியும். உலாவியில் 'எச்264ஐஃபை' என்ற நீட்சியைச் சேர்த்து எச்.264-ஐயே கேட்டு வாங்கினால், அதே கணினியில் காணொளி ஒழுங்காக ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திறன் குறைந்த கணினிகளுக்கு க்னோமைவிட எக்ஸ்எஃப்சிஇ மேசை ஏற்றது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே.

இன்டெல் சிப் என்றால் கவலையில்லை என்ற பேச்சு பெரும்பாலும் உண்மை. 2022-இல் மேசா 22.0 பழைய டிரைவர்கள் சிலவற்றைக் கழித்தபோதுகூட, 2006 முதல் 2013 வரையிலான இன்டெல் கிராஃபிக்ஸுக்கு குரோகஸ் என்ற புதிய டிரைவர் அதற்கு முந்தைய ஆண்டே தயாராகிவிட்டது. ஆனால் ஜிஎம்ஏ 500, ஜிஎம்ஏ 3600 என்ற பெயர்களில் வந்த சிறு நெட்புக்குகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மேலே ஒட்டியிருப்பது இன்டெல்; உள்ளே இருப்பது வேறு நிறுவனத்தின் பவர்விஆர் சிப். திரை வரும், முப்பரிமாண முடுக்கம் வராது. கர்னலுக்குள் இருப்பதும் சாசுவதமல்ல: 2023-இல் வந்த கர்னல் 6.3, 1990-களின் கார்டுகளுக்கான ஆர்128, சாவேஜ், சிஸ் போன்ற பழைய முப்பரிமாண டிரைவர்களை நீக்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து நீக்கியதில் எனக்கு வருத்தமில்லை.

உண்மையான நெருக்கடி இனிமேல்தான் வரும் என்று நினைக்கிறேன். 900, 1000 வரிசை ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கு 580 வரிசையே கடைசி டிரைவர் என்று என்விடியா 2025-இல் அறிவித்திருக்கிறது. 2016 முதல் 2019 வரை பொறியியல் மாணவர்கள் கடன் வாங்கியாவது வாங்கிய மடிக்கணினிகளில் கணிசமானவை இவற்றைக் கொண்டவை. 2022-இல் அந்த நிறுவனம் தன் கர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தபோது அது இவற்றைவிடப் புதிய டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டுமே பொருந்தியது. 900, 1000 வரிசைகளுக்கு முந்தைய கெப்ளர் தலைமுறையில் நோவோவால் வேகத்தைக் கூட்ட முடியும். இடையில் உள்ள 900, 1000 வரிசைகளில் பெரும்பாலானவற்றிலோ, வேகத்தைக் கூட்ட என்விடியா கையொப்பமிட்ட நிலைபொருள் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) வேண்டும், அது தரப்படவில்லை. அந்த நிலைபொருளை மட்டும் வெளியிட்டால் மீதியைத் தன்னார்வலர்கள் செய்துகொள்வார்கள். இவற்றில் பெரும்பாலான கணினிகளில் இன்டெல் கிராஃபிக்ஸும் சேர்ந்தே இருப்பதால் திரை கறுக்காது என்பது ஓர் ஆறுதல். ஆனால் எந்தக் கார்டுக்காகக் கூடுதல் பணம் கொடுத்தார்களோ அது சும்மா கிடக்கும்.

நம் மாநிலத்தில் இதற்கு நேரடிப் பொருத்தம் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் இன்னும் எங்கள் கடைக்கு வருகின்றன. பேட்டரி போயிருக்கும், கீல் உடைந்திருக்கும். ஆனால் நான் பார்த்தவரை அவற்றில் இருப்பது செயலியோடு சேர்ந்த இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ் என்பதால், புதிய டெபியனைப் போட்டதும் திரைக்காக நான் விரலைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை. அது திட்டமிட்டு நடந்ததோ தற்செயலோ, இனி அதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவிடலாம். அரசும் கல்லூரிகளும் வாங்கும் ஒவ்வொரு மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் டிரைவரும் லினக்ஸ் கர்னலின் பொது மூலநிரலில் இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை போதும். நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று கேட்கும் படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்.

சக சர்வீஸ் கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். சிப் உண்மையாகவே சாவதும் உண்டு. தன் மடிக்கணினிச் சிப்களில் ஏற்பட்ட பழுதுகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக 2008-இல் என்விடியாவே அறிவித்தது. சிப்பைக் கழற்றி அதன் அடியிலுள்ள பற்றாசு மணிகளை மாற்றி ஒட்டும் ரீபாலிங் என்ற தொழில் நம்மிடையே பெருகியதும் அதையொட்டித்தான். ஆனால் ஹீட் கன்னை எடுப்பதற்கு முன் பயாஸ் திரையைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள், நிறுவாமலே ஓடும் லினக்ஸ் உள்ள பென் டிரைவ் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதிலிருந்து கணினியை ஆன் செய்து, அமைப்புகளில் 'இக்கணினியைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்தால் கிராஃபிக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். ரேடியான் என்றோ, இன்டெல் என்றோ, 'என்வி' என்று தொடங்கும் குறியீடோ அங்கே இருந்தால் பணம் கொடுக்கலாம். 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், கார்டு வேலை செய்யவில்லை. அதன் வேலையையும் செயலியே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

இப்படிக்கு,
மடிக்கணினி பழுதுநீக்கும் வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.