2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: திருநெல்வேலி

அவைத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், சந்தா கட்டாவிட்டாலும் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்துவிடும் நண்பர்களுக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான பணிகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். பொன்னாடையும் நினைவுப் பரிசும் கூடாது என்ற பழைய தீர்மானம் இந்த ஆண்டும் காப்பாற்றப்பட்டது. அதில் மிச்சமான பணம் எங்கே போனது என்பதைப் பொருளாளர் சொல்வார்.

ஆண்டு சமத்துவப் பொங்கலோடு தொடங்கியது. நம் நகரில் இப்போது சமத்துவப் பொங்கல் வைக்காத கல்லூரியோ அலுவலகமோ இல்லை. வரிசையாகப் பானைகள், பட்டு வேட்டி, குழுப் படம், அத்தோடு சமத்துவம் முடிந்துவிடுகிறது. நாம் வைத்தது ஒரே பானை. அதை எங்கே வைப்பது என்பதற்கே டிசம்பர் மாதம் முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. மேலத் தெருவில் வைத்தால் வர மாட்டோம் என்று கீழத் தெருவினர் சொன்னார்கள். கீழத் தெருவில் வைத்தால் வருகிறோம், ஆனால் சாப்பிடச் சொல்லாதீர்கள் என்று மேலத் தெருவினர் சொன்னார்கள். இந்த இரண்டாவது பதிலை அறிக்கையில் அப்படியே பதிவு செய்ய விரும்புகிறேன். கடைசியில் இரண்டு தெருவும் சேரும் முக்கில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டினோம். அரிசி ஒரு தெரு, வெல்லம் ஒரு தெரு என்று பிரித்துக்கொண்டதால் யாரும் ஒதுங்க முடியவில்லை. பெரியவர்கள் சிலர் எட்டவே நின்றுகொண்டார்கள். பிள்ளைகள் அப்படி நிற்கவில்லை. இதை வெற்றி என்று எழுத மாட்டேன். அடுத்த பொங்கலுக்கும் அதே முக்கில் அடுப்பு எரிந்தால் எழுதலாம்.

ஏப்ரல் 14 சமத்துவ நாள், மே தினம், செப்டம்பர் 17 சமூக நீதி நாள் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. உறுதிமொழி வாசித்தோம், தேநீர் குடித்தோம், கலைந்தோம். மார்ச் 13 அன்று 1908ஆம் ஆண்டின் நெல்லை எழுச்சி குறித்துப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு நடைப்பயணம் வைத்தோம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதைக் கேட்டு இந்த ஊர் எழுந்ததும், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும் மாணவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்தன. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம்தான் அதற்கு முன்னோடி என்று சொன்னபோது, மில்லில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நவம்பர் 27 சுலோசன முதலியார் பாலத்தின் பிறந்தநாள். 1843இல் ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்த பாலத்தில்தான் இன்றைக்கும் டவுனுக்கும் பாளையங்கோட்டைக்குமாக நாம் போய்வருகிறோம். பொதுக் காரியத்துக்கு ஐம்பது ரூபாய் கேட்டால் பர்ஸை மறந்து வந்துவிடும் உறுப்பினர்களுக்கு இதை அன்போடு நினைவூட்டுகிறேன்.

வார்டு வேலை இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது. மாநகராட்சியில் நான்கு மண்டலங்கள், 55 வார்டுகள் இருக்கின்றன. கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்துக்கும் பகுதி சபை உண்டு என்பது 2022 முதல் விதியாகவே இருந்தும், நாம் சென்ற தெருக்களில் பலருக்கு அது தெரியவில்லை. எனவே விதியை எளிய தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக்கி வீடு வீடாகக் கொடுத்தோம். கொள்கை, கோட்பாடு எதுவும் அதில் இல்லை. எந்தெந்த நாளில் சபை கூட வேண்டும், தலைமை யார், நாம் என்ன கேட்கலாம் என்பவை மட்டும் இருந்தன. அதற்குப் பின் நடந்த ஒரு கூட்டத்தில், மூடியில்லாத வாய்க்காலைப் பற்றி ஒரு பாட்டி அரை மணி நேரம் பேசினார். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுத வைத்து, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே அவர் வீட்டுக்குப் போனார். நம் துண்டறிக்கையைவிட அவர் நடத்தியதுதான் பாடம்.

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உறுப்பினர்கள் பலர் மனுக்கள் அனுப்பினார்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் காத்திருப்பு, பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு என்ற நடைமுறை இப்போது நம் இளைஞர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஓர் அலுவலகம் (பெயர் வேண்டாம், நாளையும் அங்கே போக வேண்டியிருக்கிறது) கேட்ட கேள்விக்குப் பதில் தராமல், கேட்காத கேள்விக்குக் கட்டுக் கட்டாக நகல் அனுப்பியது. அந்தக் கட்டுக்குள்தான் நமக்கு வேண்டிய வேலை உத்தரவு கிடந்தது. அதைப் பெரிதாக்கி, எந்த வாய்க்காலுக்காகப் பணம் ஒதுக்கப்பட்டதோ அந்த வாய்க்கால் ஓரத்திலேயே தட்டி வைத்தோம். ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. இரண்டாவது வாரம் ஜல்லி வந்து இறங்கியது.

தாமிரபரணி ஆற்றைப் பற்றி. ஜூலை 23 அன்று நாம் கொக்கிரகுளம் கரைக்குப் போனோம். 1999இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும் சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது நடந்த தடியடியில், ஆற்றுக்குள் தள்ளப்பட்டும் ஓடியும் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் கட்சிகளும் இயக்கங்களும் தனித்தனியே வந்து மலர் தூவுகின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றால் என்ன என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பூ வந்த பிளாஸ்டிக் பைகளைக் கரையிலிருந்து பொறுக்கும் வேலை நமக்கென்றே ஆகிவிட்டது.

மாஞ்சோலையின் இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். தோட்ட நிலத்துக்கு 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. மூன்று, நான்கு தலைமுறை மலையிலேயே வாழ்ந்தவர்கள் கீழே இறங்கியிருக்கிறார்கள். ரேஷன் அட்டை முகவரி மாற்றம், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்கு நம் உறுப்பினர்கள் கூடவே அலைந்தார்கள். ஒரு பெரியவர் வாடகை வீட்டின் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, இத்தனை வயதில் வேர்வையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நினைவேந்தலுக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த அலைச்சலுக்கு வரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

ஆற்றில் கழிவுநீர் கலப்பதை 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். அந்த டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு நம் மாவட்டத்தில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் லாரிகளில் திரும்பிப் போனது. பக்கத்து மாநிலத்துக் குப்பை என்றால் நமக்கு வரும் கோபம், நம் வீட்டுக் குழாய் ஆற்றுக்குள் திறந்திருக்கும்போது வருவதில்லை. இந்த ஆண்டு கழிவு கலக்கும் இடங்களைப் படம் எடுத்து வரைபடத்தில் குறிக்கும் வேலையை மாணவர்கள் செய்தார்கள். அவர்கள் குறித்த இடங்களில் ஒன்று நம் துணைத் தலைவர் வீட்டுத் தெரு. அவரும் மறுக்கவில்லை.

ஜூலை 27. கொக்கிரகுளத்திலிருந்து திரும்பி நான்கே நாள். பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில், சென்னையில் மென்பொருள் துறையில் வேலை பார்த்துவந்த பட்டியல் சாதி இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் சகோதரர் கைது செய்யப்பட்டார். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதற்குள் நான் போகவில்லை. ஆனால், படித்து நல்ல வேலைக்குப் போய்விட்டால் சாதி விலகிக்கொள்ளும் என்று மேடைதோறும் நாம் சொல்லிவந்தோமே, அந்தப் பேச்சை இனி எந்த முகத்தோடு பேசுவது என்று அன்றைய அவசரக் கூட்டத்தில் ஓர் ஆசிரியை கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

கண்டன அறிக்கை எழுதினோம். அது எல்லோரும் எழுதியதுதான். அதற்கு மேல் என்ன செய்வது என்ற விவாதத்தில் வந்ததுதான் மாதம் ஒரு சட்ட வகுப்பு. புரோகிதரும் தாலியும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை 1967ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லத்தக்கதாக்கியது, வழக்கறிஞர் முன்னிலையில் நடந்தாலும் அது செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்குவதில் இருக்கும் ஆபத்து, சாதி மறுத்து மணப்பவர்களுக்குத் தனிப் பாதுகாப்புப் பிரிவும் தங்குமிடமும் வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆகியவற்றை ஒரு வழக்கறிஞர் நிதானமாக விளக்கினார். பெயர் எழுதாமல் கேள்விச் சீட்டுகளைப் பெட்டியில் போடச் சொல்லியிருந்தோம். சட்டம் பற்றிய சீட்டுகள் குறைவு. ஒன்றில் இப்படி இருந்தது: "எங்கள் அப்பா நல்லவர். பெரியப்பா, சித்தப்பாக்களிடம் யார் பேசுவது?" வழக்கறிஞர் அந்தச் சீட்டை மடித்து என்னிடம் கொடுத்து, இது உங்கள் மன்றத்தின் வேலை என்றார். அது இன்னும் நிர்வாகக் குழுவின் கோப்பில் இருக்கிறது. ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் அக்டோபர் 17 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆணையத்துக்கு நாம் அனுப்ப வேண்டிய மனுவின் வரைவு பின் வரிசையில் சுற்றுக்கு விடப்பட்டிருக்கிறது. வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், வாசிக்காமல் வேண்டாம்.

மேலப்பாளையம், பேட்டைப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களோடு நடத்திய கூட்டங்களே இந்த ஆண்டின் உருப்படியான வேலை என்பது என் சொந்த அபிப்பிராயம். மேடை இல்லை, நாற்காலியும் இல்லை. ஒரு வீட்டு முற்றம். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத் துணிக்குள் இலை. பேசியவர் மரியாதைக்காக நிறுத்தியபோது, நீங்கள் பேசுங்கள், கை அதன்பாட்டுக்கு ஓடும் என்றார்கள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு சேர்ந்தால்தான் ஆயிரம், ஆயிரத்துக்குத்தான் கூலி. எனவே நம் பேச்சைக் கேட்டுக்கொண்டே அவர்கள் எத்தனை கட்டு கட்டினார்கள் என்பதை வைத்தே கூட்டம் எவ்வளவு நீண்டது என்று சொல்லிவிடலாம். நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டது. இனி அடையாள அட்டை என்ன ஆகும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை என்ன ஆகும் என்பவையே அவர்கள் கேட்டவை. தொழிற்சங்கத் தோழர் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார்.

கூலியைவிடக் கடனைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். குழுக் கடனுக்கு வாரத் தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். வலுக்கட்டாய வசூலைத் தண்டிக்கும் புதிய சட்டத்தை இந்த ஆண்டு தமிழக அரசு கொண்டுவந்திருக்கிறது என்று சொன்னதும் கைகள் முதல் முறையாக நின்றன. ஒருவர் கையோடு மனு எழுதச் சொன்னார். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு அவர்களோடு ஆட்சியர் அலுவலகம் போனோம். வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள், தண்ணீர்ப் பாட்டிலை முகர்ந்து பார்த்தார்கள். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே, இரண்டு குழந்தைகளோடு, அதே வளாகத்தில் தீக்குளித்தது. கடன் மனுவோடு வந்த பெண்ணின் பாட்டிலை முகர்ந்து பார்த்த காவலர், பிறகு அவருக்கு நிழலில் இடம் காட்டினார். மனுவுக்கு ரசீது எண் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த திங்கள்கிழமைகளிலும் அந்தப் பெண்கள் நாம் இல்லாமலேயே போய்வருகிறார்கள். தவணைக்காரர் இப்போது இருட்டிய பிறகு வருவதில்லை.

வாசிப்பு வட்டம் தேய்ந்துவருகிறது. காரணம் புத்தகங்கள் அல்ல. ஆறு மணிக்கு என்று அறிவித்து ஏழேகாலுக்குத் தொடங்கும் நம் வழக்கம். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் வேண்டாம் என்ற வேண்டுகோளுக்கும் பூங்கொத்துப் படத்தோடுதான் நன்றி வந்தது. நிர்வாகக் குழுவில் பெண்கள் இருவர் மட்டுமே; முப்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. கழிவு வரைபடம் தயாரித்த மாணவர்களைக் குழுவுக்குள் எடுக்கலாம் என்ற யோசனைக்கு, அவர்களுக்கு அனுபவம் போதாது என்று பதில் சொன்னவர்கள் யார் என்பது தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது.

பொதுக்குழுவின் முடிவுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். நிர்வாகக் குழுவின் பதினோர் இடங்களில் நான்கை முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒதுக்குவது; அந்தக் கேள்விச் சீட்டுக்குப் பதிலாக, கேட்கும் குடும்பங்களின் பெரியவர்களிடம் நேரில் போய்ப் பேச ஐந்து பேர் கொண்ட குழு அமைப்பது, அதில் குறைந்தது மூவர் பெண்கள்; கூட்டம் அறிவித்த நேரத்துக்கு, வந்தவர்களை வைத்துத் தொடங்குவது. முதலாவதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். கை தூக்கும் முறை வேண்டாம், சீட்டுப் போட்டு வாக்கெடுப்பு நடத்துமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் பொருளாளர் வரவு செலவை வாசிப்பார்.

செயலாளர்