பந்தை வெளியே எறிவது எப்போது குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆளில்லாத இடத்தில் பந்தை எறிந்தால் 'இன்டென்ஷனல் கிரவுண்டிங்', தண்டனை 10 யார்டு என்று விளையாட்டுப் பக்கத்தில் ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அதை நம்பி ஆட்டம் பார்ப்பவருக்கு, பந்தைக் கோட்டுக்கு வெளியே வீசிவிட்டுக் குவார்ட்டர்பேக் சாவகாசமாக நடந்துபோவது அநியாயமாகவே தெரியும். நம் வட ஆற்காட்டுக் கபடி ரசிகருக்குக் கேட்கவே வேண்டாம். இங்கே ரைடர் கோட்டுக்கு வெளியே கால் வைத்தாலே அவுட்.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். விதிப்படி சில விஷயங்கள் ஒன்றுசேர்ந்தால்தான் குற்றம். எதிரணித் தடுப்பாளர்கள் நெருக்கி யார்டு பறிபோகும் நிலை இருக்க வேண்டும். முன்னோக்கி எறிந்த பந்து, பிடிக்கத் தகுதியுள்ள ரிசீவர் எவர் பக்கமும் போய் விழாமல் இருக்க வேண்டும். ரிசீவர் ஒரு பக்கம் ஓட, பந்து வேறு பக்கம் போனாலும், நெருக்கடி இல்லையென்றால் குற்றமில்லை. ஸ்கிரீன் பாஸ் (பக்கத்தில் நிற்பவருக்குத் தரும் குறுகிய பாஸ்) கெட்டுப்போனால், அதை வாங்கி ஓட வேண்டிய ரன்னிங் பேக்கின் காலடியில் பந்தைக் குத்துகிறார்களே, அதுவும் தப்பில்லை. ஆள் அருகில் இருக்கிறார். கை ரிசீவரை நோக்கி வீசத் தொடங்கிய பிறகு தடுப்பாளர் மோதி பந்து திசை மாறினாலும் விட்டுவிடுவார்கள்.

உங்கள் குறிப்பில் விடுபட்டது விலக்குதான். முன்வரிசை ஐவரில் இரு ஓரத்தில் நிற்பவர்கள் டேக்கிள்கள். அந்த முயற்சி தொடங்கும்போது அவர்கள் நின்ற இடத்தைத் தாண்டிக் குவார்ட்டர்பேக் பக்கவாட்டில் வந்துவிட்டால், ரிசீவரே இல்லாத இடத்திலும் எறியலாம். ஆனால் பந்து ஸ்க்ரிமேஜ் கோடு (அந்த முயற்சி தொடங்கிய கோடு) வரையாவது போய் விழ வேண்டும். மைதானத்துக்கு வெளியே விழுந்தால் அந்தக் கோட்டை மனதில் நீட்டிப் பார்க்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பின்வாங்கி ஓடிக்கொண்டே எறிந்தால் கால் ஊன்ற முடியாது. கை பலத்தில் மட்டும் வீசிய பந்து ஒரு யார்டு முன்னதாகவே விழுந்துவிடும். டேக்கிளைத் தாண்டியிருந்தாலும் அது குற்றமே.

தண்டனையில் 10 யார்டைவிட வலிப்பது டவுன், அதாவது 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று, போவது. இரண்டாவது டவுனில் 8 யார்டு தேவைப்பட்ட அணி, மூன்றாவது டவுனில் 18 யார்டுக்கு ஆட வேண்டும். எறிந்த இடம் 10 யார்டுக்கும் பின்னால் இருந்தால் அந்த இடத்திலிருந்தே அடுத்த முயற்சி. சொந்த எண்ட் ஸோனுக்குள் (தன் பக்கத்து மைதானக் கடைசிப் பகுதி) நின்று எறிந்தால் சேஃப்டி: எதிரணிக்கு 2 புள்ளி, பந்தையும் உதைத்துக் கொடுக்க வேண்டும். 2012 பிப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில், நியூ இங்கிலாந்து அணியின் முதல் தாக்குதல் முயற்சியிலேயே அதன் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி இப்படி மாட்டினார். நியூயார்க் ஜயன்ட்ஸ் 21-17 என்று வென்றது.

கடிகாரத்தை நிறுத்தத் தரையில் அடிக்கும் ஸ்பைக் தனி. பந்து கைக்கு வந்த உடனே அடித்தால் சரி. எறிவதுபோல் பாவனை காட்டிவிட்டு அடித்தால் குற்றம்.

அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களின் வீடியோவை வைத்து இதை அளக்கவும் கூடாது. அங்கே வெளியே எறியும் விலக்கு 2022இல்தான் வந்தது. தண்டனையும் எறிந்த இடத்திலிருந்து 5 யார்டு, கூடவே டவுன் இழப்பு.

சூப்பர் பவுல் நமக்குத் திங்கள் விடியற்காலை 5 மணிக்கு. தூக்கத்தைக் கெடுத்துப் பார்ப்பவர்களுக்காகவாவது, இனிச் செய்தியில் குவார்ட்டர்பேக் எங்கே நின்றார், பந்து எங்கே விழுந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்