வெல்க்ரோ கழன்ற பேட்டை உடனே எறிய வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கார் பராமரிப்புப் பக்கத்தில் பாலிஷ் மெஷினில் மாட்டிக் காரின் பெயிண்டைத் தேய்க்கும் வட்டமான பாலிஷிங் பேட் பற்றி வந்த குறிப்பு, அதை மெஷினோடு பிடித்திருக்கும் வெல்க்ரோ கழன்றுவிட்டால் புதிது வாங்கிவிடச் சொல்லி ஒரே வரியில் முடிந்துவிட்டது. நல்ல ஃபோம் பேட்டின் விலை சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது. ஒரு காருக்கே மூன்று நான்கு பேட் மாற்றிப் போட வேண்டிய வேலையில் இது சின்னச் செலவு அல்ல. கழன்ற வெல்க்ரோவைப் பெரும்பாலும் திரும்ப ஒட்டிவிடலாம். ஆனால் அது ஏன் கழன்றது என்று தெரியாமல் ஒட்டினால் அடுத்த காரிலேயே மறுபடி கையோடு வந்துவிடும். அதனால் காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஃபோம் தேய்ந்து தீர்ந்துபோன பேட்டைப் பார்ப்பது அபூர்வம். பேட்டைக் கெடுப்பது சூடு. டிஏ (டூயல் ஆக்ஷன்) மெஷினில், அதாவது சுற்றிக்கொண்டே அதிரும் பாலிஷ் மெஷினில், ஃபோம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை நெளிகிறது. அந்த நெளிவிலேயே உள்ளுக்குள் சூடு பிறக்கிறது. ஃபோம் சூட்டை எளிதில் கடத்தாது என்பதால் அது நடுவில் தேங்கிவிடும். பெயிண்டின் கீறலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்டில் உள்ள எண்ணெய் இன்னொரு பக்கம் ஊறி மேலேறி, வெல்க்ரோவைப் பிடித்திருக்கும் பசையை இளக்கும். இரண்டும் சேர்ந்தால் பசை விட்டுவிடும். கழல்வது பெரும்பாலும் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் பரவுவதன் காரணம் இதுதான். பல பேட்களில் நடுவே துளை விட்டிருப்பதும் இந்தச் சூடு வெளியேறத்தான்.

ஆகவே பேட்டின் ஆயுள் மெஷினைப் பிடிக்கும் கையில் இருக்கிறது. மெஷினின் எடையோடு கொஞ்சம் கை அழுத்தம் போதும். மெஷினில் பேட் ஒட்டிக்கொள்ளும் தட்டான பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டு வைத்தால், பேட் சுற்றுகிறதா, நின்ற இடத்தில் அதிர்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். சுற்று நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் தட்டையாகப் படியவில்லை. அந்த நிலையில் வேகத்தைக் கூட்டுவது பேட்டை அவிப்பதற்குச் சமம். வெயிலில் நின்ற காரில் பாலிஷ் போடவே கூடாது. சித்திரை வெயிலில் பானட் தகடு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். காம்பவுண்ட் நொடியில் காய்ந்து ஃபோமின் துளைகளில் சிமெண்ட் போல இறுகிவிடும். இறுகிய பேட் வளையாது. வளையாத பேட் இன்னும் சூடாகும்.

இரண்டடிக்கு இரண்டடி பரப்புக்குப் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு காம்பவுண்ட் போதும். அந்தப் பரப்பு முடிந்ததும் மெஷினை மெல்ல ஓடவிட்டு நைலான் பிரஷ்ஷால் பேட்டைத் துடைக்க வேண்டும். கம்ப்ரஸர் இருந்தால் காற்றடிப்பது இன்னும் நல்லது. பத்து நொடி வேலை. பலர் இதை விட்டுவிட்டு, பேட் கீறலை எடுக்கவில்லை என்று காம்பவுண்டை மேலும் மேலும் போடுகிறார்கள். பேட் நனைந்து கனத்துவிட்டால் அதை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். மூன்று பேட்டை மாற்றி மாற்றிப் போடுபவருக்கு அவை உழைக்கும் காலம், ஒரே பேட்டால் முழுக் காரையும் முடிப்பவருக்கு மூன்று பேட் அடுத்தடுத்து உழைக்கும் காலத்தைவிடக் கூடுதல்.

இன்னொரு தவறு கழற்றும்போது நடக்கிறது. வேலை முடிந்த சூட்டோடு ஃபோமைப் பிடித்து இழுத்தால், இளகியிருக்கும் பசை பிளேட்டின் கொக்கிகளிடம் தோற்றுவிடும். வெல்க்ரோ துணி பிளேட்டிலேயே நிற்க, ஃபோம் மட்டும் கையில் வரும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஓரத்தில் விரலை நுழைத்துத் துணியைப் பிடித்து உரிக்க வேண்டும். மெஷினைப் பேட்டின் மேல் நிறுத்தி இரவு முழுக்க விட்டுவிடவும் கூடாது. ஃபோம் ஒரு பக்கம் அமுங்கி அப்படியே நின்றுவிடும்.

கழுவுவதை அன்றே முடித்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீர் போதும், கொதிநீர் பசையை இளக்கும். ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஃபோம் முகத்தில் மட்டும் தெளித்து, பத்து நிமிடம் கழித்து விரலாலும் மென்மையான பிரஷ்ஷாலும் தேய்க்கலாம். வாளியில் ஊறப்போட்டு மறந்துவிடக் கூடாது. பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் ஃபோமை ஊதவைத்துப் பசையைக் கரைக்கும். கழுவியபின் துணி போல முறுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும். பிறகு காலி வாளிக்குள் மெஷினைக் குறைந்த வேகத்தில் சில நொடி ஓட்டினால் மிச்ச நீர் சிதறிவிடும். ஃபோம் முகம் கீழே இருக்கும்படி கம்பி வலையில் நிழலில் வைத்தால் நீர் பசைப் பக்கம் தேங்காது. வெயிலில் காயவைத்த பாலியூரித்தேன் ஃபோம் மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். போர்வெல் நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி அலசலுக்கு மழைநீரோ, துணியில் வடிகட்டிய ஏசி தண்ணீரோ நல்லது. ஆர்ஓ கழிவுநீர் வேண்டாம். அதில் உப்பு இன்னும் கூடுதல்.

இனி ஒட்டும் முறை. முதலில் ஃபோமைப் பாருங்கள். பசை இருந்த பக்கம் கருகியோ கூழாகவோ இல்லாமல், அழுத்திவிட்டால் உடனே எழும்பினால் அது பிழைக்கும். முழுவதும் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தின் மேல் எந்தப் பசையும் நிற்காது. பழைய பசையை மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்து, வெல்க்ரோ துணியின் பின்புறத்தை 120 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். துணியின் வளையங்கள் உருகி மொட்டையாகியிருந்தால் புதுத் துணி வெட்டிப் போடுங்கள். பேட்டுக்கு வளையம் உள்ள மெத்துப் பக்கம் வேண்டும், கொக்கிப் பக்கம் பிளேட்டில் இருக்கிறது. இதைத் தலைகீழாக வாங்கி வந்துவிடுவது வழக்கமான பிழை.

பசை, லாமினேட் ஒட்டும் தச்சர்கள் பயன்படுத்துகிற செயற்கை ரப்பர் கான்டாக்ட் பசை. ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்றது. தண்ணீரில் கரையும் வெள்ளை ஃபெவிகால் உதவாது. சூப்பர் குளூவும் எபாக்ஸியும் கல்லாக இறுகும். ஃபோம் நெளியும்போது அந்த விளிம்பிலேயே கிழியும். கான்டாக்ட் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகப் பூசுங்கள். ஃபோம் முதல் பூச்சைக் குடித்துவிடும் என்பதால் அதற்கு மட்டும் அது காய்ந்தபின் இரண்டாவது பூச்சு. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விரலால் தொட்டால் பசை விரலோடு வரக் கூடாது. அவசரப்பட்டு ஈரத்தோடு சேர்த்தால் உள்ளே கரைப்பான் சிறைப்பட்டு, சூடு ஏறியதும் கொப்புளமாகக் கிளம்பும். பூசும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும், அடுப்போ சிகரெட்டோ வேண்டாம்.

சேர்க்கும் நொடியில் பிடித்துக்கொள்ளும் பசை இது. நகர்த்திச் சரிசெய்ய முடியாது. ஆகவே ஃபோமின் முதுகில் முன்கூட்டியே நடுவட்டம் வரைந்துகொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்ட வேண்டும். உள்ளங்கையால் ஒரு நிமிடம் பலமாக அழுத்தினால் போதும். மேலே கல்லை ஏற்றி இரவு முழுக்க வைத்தால் ஃபோம் தட்டையாகிவிடும். ஒரு நாள் விட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, மெஷினைத் தரையை நோக்கிப் பிடித்துக் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மெஷின் குலுங்கினால் நடு தவறியிருக்கிறது. ஒட்டிய பேட்டை ரோட்டரியில், அதாவது அதிராமல் நேராகச் சுழல மட்டுமே செய்யும் மெஷினில், போடக் கூடாது. நிமிடத்துக்கு 1500 சுற்றில் பசை விட்டால் பேட் பறக்கும், சுழலும் பிளேட் நேராகப் பெயிண்டில் இறங்கும்.

ஓரக் கிழிசலுக்குப் பசையே வேண்டாம். கூரான பாடி லைன், எம்பளம், நம்பர் பிளேட் மூலை இவற்றில் மாட்டிப் பிய்ந்த ஓரத்தை, கட்டையில் சுற்றிய 80 எண் உப்புத்தாளை மெல்லச் சுழலும் பேட்டின் பக்கவாட்டில் பிடித்துச் சீவிவிடலாம். பிளேட்டின் விளிம்பைவிட ஃபோம் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது வெளியே நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சிறிய பிளேட்டுக்கு மாற்றுங்கள். சீவியபின் காற்றடித்துக் கழுவாமல் காரில் வைத்தால், உதிர்ந்த மணல் ஒன்று போதும் பானட்டைக் கீற.

கம்பளி பேட்டின் கதை வேறு. கம்பளி புரதம், காரத்தன்மையுள்ள டிகிரீஸர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி) அதை அரித்துவிடும். குளிர்ந்த நீரில் மிதமான ஷாம்பு போதும். காம்பவுண்ட் காய்ந்து சடைபிடித்தால் பேட் ஸ்பர் என்ற பல்சக்கரக் கருவி கொண்டு மட்டுமே கோத வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் நூல் அடியோடு வரும்.

ஃபோம் முகம் கண்ணாடி போலப் பளபளத்து இறுகிவிட்டாலோ, நடுவில் குழி விழுந்து எழும்பாவிட்டாலோ, கசக்கினால் பொடி உதிர்ந்தாலோ ஒட்டி மிச்சப்படுத்தும் முயற்சி வீண். பொடி உதிரும் பேட் குப்பைக்குத்தான். மற்றதைப் பெயிண்டிலிருந்து விலக்கி ஹெட்லைட்டுக்கும், பிறகு அலாய் வீலுக்கும் இறக்கலாம். வீலுக்குப் போன பேட்டின் வெல்க்ரோ ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டுப் போட்டு வையுங்கள். பிரேக் தூளின் இரும்புத் துகள் ஃபோமில் ஏறிவிட்டால் எத்தனை கழுவினாலும் முழுதாகப் போகாது. அந்த வெட்டைப் பார்த்ததும் அது பெயிண்டுக்கு ஆகாது என்று பட்டறையில் யார் எடுத்தாலும் தெரியும்.

வாசகர், கோயம்புத்தூர்