பாதி உன் வேலை, பாதி லைசென்ஸ்காரன் வேலை

அல்சூர்,
பெங்களூர்

அன்புள்ள சேகர்,

நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இதற்கெல்லாம் விரலால் தட்டிப் பதில் போட முடியாது என்று கடிதமாகவே எழுதுகிறேன். மருமகளை விட்டு எழுத்தைப் பெரிசாக்கி வைத்துப் படித்துக்கொள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாள், என்னோடு சண்டை போடுவதை விடவில்லை. சின்னவள் ஹொரமாவு பக்கம் வீடு மாறிவிட்டாள். இந்த மார்கழியில் குளிர் பரவாயில்லை, விடிகாலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போனால் மஃப்ளர் கேட்கிறது. நீ கனடாவில், பிராம்ப்டனில் மைனஸ் பதினைந்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாய், உன்னிடம் இதைக் குளிர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அப்புறம், போட்டோவில் பனி தள்ளிக்கொண்டு நிற்கிறாயே, அந்த வேலையைப் பேரனிடம் கொடு. இந்த வயதில் நெஞ்சுக்கு ஆகாது.

சரி, உன் வீட்டைச் சூடாக்குகிற கேஸ் ஃபர்னஸுக்கு வருகிறேன். "முப்பது வருஷம் பாய்லர் ஓட்டினவன், தகரப் பெட்டிக்குள்ள இருக்கிற இத்துனூண்டு நெருப்பைச் சுத்தம் பண்ண ஆளுக்கு டாலர் கொடுக்கணுமா?" என்று கேட்கிறாய். கேள்வி நியாயம்தான். ஆனால் நம் மில் பாய்லர் ஹவுஸை நினைத்துப் பார். டியூபுக்குள் பிரஷ் போட்டது நாம், கரி வாரியது நாம், கண்ணாடியில் தண்ணீர் மட்டம் பார்த்தது நாம். சேஃப்டி வால்வைத் தொட்டோமா? அப்போது இருந்த 1923ஆம் வருஷச் சட்டப்படி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சர்ட்டிபிகேட் அதிகபட்சம் பன்னிரண்டு மாதத்துக்குத்தான். அது இல்லாமல் ஒரு நாள் நெருப்பு மூட்டினோமா? ஃபர்னஸிலும் அதே கணக்குத்தான். பாதி உன் வேலை, பாதி லைசென்ஸ்காரன் வேலை. போன குளிர்காலத்தில் பெரியவள் வீட்டில், மிசிசாகாவில், அந்த ஊர் டெக்னீஷியன் பெட்டியைத் திறந்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அந்த ஆளுக்கும் என்னைப் பிடித்துப்போய்விட்டது, டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டார்.

உன் பங்கில் முதல் வேலை ஃபில்டர். பல ஃபர்னஸ் கோளாறு அங்கேதான் ஆரம்பம். ஒரு இஞ்ச் கனமுள்ள சாதா ஃபில்டர் என்றால் குளிர்காலத்தில் மாதம் ஒரு தடவை உருவி வெளிச்சத்தில் காட்டிப் பார். மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லையென்றால் மாற்று. எப்படியும் மூன்று மாதத்தைத் தாண்ட விடாதே. ஃபில்டரைச் சுற்றியுள்ள அட்டைச் சட்டத்தில் அளவு அச்சடித்திருக்கும், ஒரு அம்புக்குறியும் இருக்கும். காற்று ஃபர்னஸுக்குள் போகிற திசையில் அந்த அம்பு பார்க்க வேண்டும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. சூட்டை வாங்கிக்கொண்டு போகக் காற்று வராது, நெருப்பின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் காயும், சூடு மீறினால் நெருப்பை அணைக்கிற லிமிட் சுவிட்ச் தட்டிவிடும். இப்படியே காய்ந்து காய்ந்து ஆறினால் ஒரு நாள் தகட்டில் விரிசல் விடும். அந்த விரிசல் வழியாகப் புகை வீட்டுக் காற்றோடு கலக்கும். தூசி ஒன்றும் உள்ளே வரக்கூடாது என்று கடையில் இருப்பதிலேயே அடர்த்தியான ஃபில்டரை வாங்கி மாட்டுகிறார்கள், அதுவும் இதே வம்புதான். ஃபர்னஸ் புத்தகத்தில் சொன்ன ரகத்தையே போடு.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் தெர்மோஸ்டாட்டை அணை, பக்கத்துச் சுவரில் இருக்கிற சுவிட்சை அணை, மஞ்சள் கேஸ் பைப்பில் உள்ள வால்வைக் குறுக்கே திருப்பு, நன்றாக ஆற விடு. காற்றைத் தள்ளுகிற ஃபேன், அதுதான் புளோயர், அதன் பக்கத்தில் படிந்த தூசியை வேக்குவம் போட்டு எடுக்கலாம். ஃபிளேம் சென்சார் என்று பென்சிலைவிட மெல்லிய கம்பி ஒன்று, பீங்கான் காலோடு, பர்னருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஸ்க்ரூ. நெருப்பு எரிகிறதா என்று ஃபர்னஸை ஓட்டுகிற எலக்ட்ரானிக் போர்டுக்குச் சொல்வது அதுதான். அதன் மேல் படிவு ஏறினால் பற்றிய நெருப்பு சில விநாடியில் அணைந்துவிடும், மறுபடி பற்றும், மறுபடி அணையும். மெல்லிய ஸ்டீல் வுல் வைத்து மெதுவாகத் தேய்த்து மாட்டினால் போதும், முரட்டு உப்புத்தாள் வேண்டாம். அத்தோடு கையை எடுத்துவிடு. கேஸ் வால்வு, பர்னர் அட்ஜஸ்ட்மென்ட், ஹீட் எக்ஸ்சேஞ்சர் மூன்றும் வருஷம் ஒரு முறை வரும் ஆளுடைய சொத்து. அதற்குத்தான் டாலர்.

வெளிச்சுவரில் இரண்டு பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா பார். இருந்தால் புது ரகம்: ஒன்று காற்றை உறிஞ்ச, மற்றது புகையை விட. புகையில் இருக்கிற சூட்டை அவ்வளவு பிழிந்துவிடுவதால் நீராவி தண்ணீராக மாறிச் சொட்டுகிறது, ஆறின புகையை பிளாஸ்டிக்கே தாங்கிவிடுகிறது. நம் காலத்துச் சிம்னியைப் பார்த்தவனுக்கு இது அதிசயம்தான். அந்தத் தண்ணீர் வடிகிற டியூப் அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பனி கொட்டின மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தக் குழாய் வாய்களைப் பனி அடைத்திருக்கிறதா என்று பேரனைப் போய்ப் பார்க்கச் சொல். பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் தகரப் புகைக்குழாய், அதாவது ஃப்ளூ, மேலே போகிற பழைய ரகம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். துணி உலர்த்தும் மிஷின், கிச்சன் ஃபேன் எல்லாம் ஒன்றாக ஓடும்போது வீட்டுக்குள் காற்று குறையும், மேலே போகிற புகை திரும்பிக் கீழே வரும். புகையை மேலே இழுக்கிற காற்றோட்டம், அந்த டிராஃப்ட் விஷயத்தில் மில் சிம்னியும் வீட்டு ஃப்ளூவும் ஒன்றுதான்.

இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் எதிர் வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. மாடியில் வாடகைக்கு இருக்கிற குடும்பம், பையன் பி.யூ.சி. படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். ஒருத்தர் பின் ஒருத்தராகப் போய்விட்டு வர, கடைசியாகப் போனவன் அவன். உள்ளே தடால் என்று சத்தம். அப்பா தாழ்ப்பாளை உடைத்துத் தூக்கி வந்து கூடத்தில் கிடத்தினார். கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று நினைத்து யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டார்கள். கொரோனா காலத்தில் வாங்கின ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் தொண்ணூற்றெட்டு காட்டுகிறது! நான் போனபோது பாத்ரூம் கதவு திறந்திருந்தது. சுவரில் கேஸ் கீசர். ஜன்னலில் கொசு வராமல் இருக்க தெர்மாகோல் அட்டை வெட்டி அடைத்திருந்தார்கள். வேறு என்ன பார்க்க வேண்டும்? ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கேஸ் கீசர் என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள் என்றேன். ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் பையன் எழுந்து உட்கார்ந்து தலை வலிக்கிறது என்றான். இப்போது நன்றாக இருக்கிறான்.

அவனை விழ வைத்தது கார்பன் மோனாக்சைடு, கேஸ் ஒழுங்காக எரியாதபோது வருகிற விஷவாயு. அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் அந்தத் தொண்ணூற்றெட்டு. சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். நம் நாட்டு நரம்பியல் டாக்டர்கள் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பாத்ரூமில் மட்டும் வருகிற வலிப்பு என்றால் முதலில் கீசரைக் கேள் என்பதுதான் விஷயம்.

மறுநாள் அந்தக் கீசரைக் கழற்றினேன். சிலிண்டரை மூடி, இரண்டு பேட்டரியையும் எடுத்துவிட்டு, குமிழ்களை உருவினால் மூடி கையோடு வந்துவிட்டது. மேலே தாமிரத் துடுப்புகள் இருக்கும் இடத்தில் தாமிரமே தெரியவில்லை; வெல்வெட் மாதிரி கரி. பர்னர் குழாயின் வாய் ஒன்றில் சிலந்தி வலை, அதில் தூசி பிடித்துப் பாதி வழியை அடைத்திருந்தது. ஜெட்டில் இருந்து கேஸ் வருகிறது, கூடவே இழுத்துப்போக வேண்டிய காற்று வரவில்லை. நீலமாக எரிய வேண்டியது மஞ்சளாக எரிந்திருக்கும், கரி ஏற ஏற இன்னும் மோசம். அந்த அம்மாவிடம் கேட்டேன், "ஆமாங்க, கொஞ்ச நாளா தீ மஞ்சளாத்தான் இருந்தது, பாக்க அழகா இருக்குன்னு விட்டுட்டோம்" என்றார்.

ஆனால் சேகர், சிலந்தி வலையைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் கீசர் பத்து நிமிஷம் ஓடினால் ஏறக்குறைய நூற்றைம்பது கிராம் கேஸ். அது ஒழுங்காக எரிய இரண்டு கன மீட்டர் அளவுக்குக் காற்று வேண்டும். நாலுக்கு ஏழு பாத்ரூமில், எட்டடி உயரத்தில், மொத்தமே ஆறு கன மீட்டர் சொச்சம்தான் காற்று. அதாவது ஒரு குளியலுக்கு அறையில் மூன்றில் ஒரு பங்கு. ஜன்னலை அடைத்துவிட்டு வரிசையாக நாலு பேர் குளித்தால், பளபளவென்று சுத்தம் பண்ணின கீசர்கூட கடைசி ஆளுக்கு விஷப் புகைதான் கொடுக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். உள்ளே வர வழி இல்லாமல் வெளியே மட்டும் இழுத்தால் என்ன இழுக்கும்?

நம் அம்மா காலத்தில் வெந்நீர் அடுப்பு இருந்த குளியலறைக்குக் கூரையில் புகைபோக்கியும், கதவுக்குக் கீழே நாலு விரல் இடைவெளியும் இருந்தது. புகை கண்ணைக் கரித்ததால் வழி வைத்தார்கள். இப்போது புகை கண்ணுக்குத் தெரியவில்லை, வழியை அடைத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் முதலில் "மெக்கானிக்கை விட்டு சர்வீஸ் பண்ணிக்குங்க" என்று நழுவப் பார்த்தார். நான் விடவில்லை. இப்போது கீசர் பின்பக்கம் யுட்டிலிட்டிக்குப் போய்விட்டது, திறந்த வெளியில், வெந்நீர் மட்டும் பைப்பில் உள்ளே வருகிறது. சிலிண்டர் ஹோஸில் அச்சடித்த வருஷத்தைப் பார்த்தால் ஐந்து வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது, அதையும் மாற்றச் சொன்னேன். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். கேஸ் கசிந்தால் கூப்பிட 1906 என்ற எண்ணைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள் அந்த வீட்டுச் சின்னப் பெண். தெருவில் இன்னும் ரெண்டு வீட்டில் உள்ளேதான் மாட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் கதவைத் திறந்து வைத்து வாளியில் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டு அப்புறம் குளிக்கப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கேட்கிறார்களோ இல்லையோ, என்னைப் பார்த்தால் மறுபக்கம் நடக்கிறார்கள்.

உனக்கு அங்கே ஒரு வசதி உண்டு. உங்கள் ஒண்டாரியோ மாகாணத்தில் படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது சட்டம். அதைக் கழற்றிப் பின்பக்கம் பார், காலாவதித் தேதி இருக்கும். தாண்டியிருந்தால் ஃபில்டருக்கு முன்னால் அதை மாற்று. சமைக்கும்போது கத்துகிறது என்று பேட்டரியை உருவி வைத்திருக்கிறார்களா என்றும் பார். பெரியவள் வீட்டில் புகை அலாரத்துக்கு அந்தக் கதி நடந்திருந்தது.

ஃபர்னஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், லைட் எத்தனை தடவை சிமிட்டினால் என்ன கோளாறு என்று. அதையும் நெருப்பின் நிறத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஆள் வருகிற நாளில் வீடியோ கால் போடு, எனக்கும் அந்த மாடலைப் பார்க்க ஆசை. அங்கே காலை பத்து என்றால் இங்கே இரவு எட்டரை, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள்.

உன்,
மாணிக்கம்