கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் பள்ளியின் 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்த ரோபோ போட்டி அணிக்கு இந்தப் பருவம் முழுக்கத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

போட்டி முடிந்துவிட்டது. அணி அடுத்த சுற்றுக்குப் போகவில்லை, ரோபோ வடிவமைப்புக்கான பரிசு கிடைத்தது. முடிவைப் பற்றி இவ்வளவு போதும். யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்பதை ஊரறியச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதோடு இன்னொன்று. தொடக்கத்தில் பெற்றோர் சிலர், "இந்த வயசுல எதுக்கு சார் இதெல்லாம்? ஒன்பதாவது, பத்தாவது போனதும் பார்த்துக்கலாமே" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அடுத்த ஆண்டும் யாராவது கேட்பார்கள். நீங்கள் செய்த உதவிகளைச் சொன்னாலே அதற்குப் பதில் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில், இதில் கலந்துகொள்ளாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நாங்கள் போனது ஃபர்ஸ்ட் லெகோ லீக். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பும், பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனமும் சேர்ந்து 1998இல் ஆரம்பித்த போட்டி இது. ஒரு அணியில் 10 பேர் வரை இருக்கலாம். பிள்ளைகளே கட்டி, பிள்ளைகளே புரோகிராம் எழுதிய ரோபோ, ஒரு மேசையின் மேல் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்தவரை வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். தனக்குரிய இடத்துக்கு வெளியே அது திணறி நின்றால் கையால் எடுக்கலாம், ஆனால் தொடக்கத்தில் கொடுத்த 6 வட்டுகளில் ஒன்றை நடுவர் எடுத்துக்கொள்வார், ஒன்றுக்கு மேல் போனால் புள்ளி குறையும். பலர் இத்தோடு போட்டி முடிந்தது என்று நினைக்கிறார்கள். மேசை மேல் எடுக்கும் புள்ளிக்கு மொத்தத்தில் கால் பங்குதான். ரோபோவை எப்படி வடிவமைத்தார்கள் என்பதற்குக் கால் பங்கு, ஒரு நிஜப் பிரச்சினைக்கு அவர்கள் கண்ட தீர்வுக்குக் கால் பங்கு, அணியாக எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கும் அதே கால் பங்கு. ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் விதத்துக்கு இயந்திரத்துக்குச் சமமான மதிப்பெண் தரும் தேர்வு எத்தனை இருக்கிறது?

இந்தப் போட்டியின் அடிப்படை விதி ஒன்று: வேலை முழுவதும் பிள்ளைகளுடையது. பெரியவர்கள் வழிகாட்டலாம், செய்து கொடுக்கக் கூடாது. படிக்கும்போது சுலபமாகத் தெரியும். கண்ணெதிரே ஒரு குழந்தை தவறான துளையில் ஆணியைச் சொருகிக்கொண்டு இருக்கும்போது கையை நீட்டாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என் முதல் நன்றி அப்படி நின்றவர்களுக்கு.

வாராவாரம் சனிக்கிழமை வந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயாவைப் பிள்ளைகள் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐயா, உங்கள் கை ஒரு முறைகூட ரோபோவைத் தொட்டு நான் பார்க்கவில்லை. ஒரு வாரம் ரோபோ ஒழுங்காக ஓடும், அடுத்த வாரம் அதே புரோகிராம், அதே மேசை, ஆனால் வழியில் நிற்கும் பொம்மைக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். பிள்ளைகளுக்கு ஆத்திரம். "யாரோ புரோகிராமை மாத்திட்டாங்க" என்று ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "போன வாரம் ஓட்டினப்போ எது எது எப்படி இருந்தது, எழுதி வச்சிருக்கீங்களா?"

யாரும் எழுதி வைக்கவில்லை. அன்றைக்குத்தான் நோட்டு வந்தது. தேதி, மாற்றிய விஷயம், நடந்தது என்று மூன்று கட்டம் போட்டு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுத ஆரம்பித்தாள். நாலாவது கட்டமாக "பேட்டரி" என்று சேர்த்தது அவளுடைய சொந்த யோசனை. விடை அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. மோட்டாரை இத்தனை நொடி ஓடு என்று சொல்லியிருந்தார்கள். சார்ஜ் நிறைய இருக்கும்போது அந்த நொடிகளுக்குள் ரோபோ அதிக தூரம் போகிறது, சார்ஜ் இறங்கினால் குறைவாகப் போகிறது. நொடியை விட்டுவிட்டு, சக்கரம் இத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று மாற்றி எழுதினார்கள். அப்போது அடுத்த கேள்வி வந்தது: ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம்? சக்கரத்தின் விட்டம் 56 மில்லிமீட்டர். அதை π (பை) என்ற எண்ணால் பெருக்கினால் ஏறத்தாழ 17.6 சென்டிமீட்டர். கணக்குப் பாடத்தில் வட்டத்தின் சுற்றளவைப் பரீட்சைக்காகப் படித்த அதே பையன், அளவுகோலை வைத்துச் சரிபார்த்துவிட்டு, "சார், வருது சார், சரியா வருது!" என்று கத்தினான். அவன் கணக்கு தனக்கு வராது என்று முடிவு கட்டியிருந்தவன்.

நான் இந்த வயதை விடாப்பிடியாகச் சொல்வதற்குக் காரணம் அவனைப் போன்றவர்கள்தான். பதினொன்று முதல் பதினான்கு வரையுள்ள இந்தச் சில ஆண்டுகளில்தான் பிள்ளைகள் தங்களைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு அறிவியல் வரும், எனக்கு வராது, மெஷினெல்லாம் பையன்களுக்கு, நான் பேசுறதுக்கு லாயக்கில்லை. பத்தாம் வகுப்புக்குள் அந்தத் தீர்ப்பில் மை காய்ந்துவிடும். அப்புறம் பொதுத்தேர்வு பயமும் சேர்ந்துகொள்ளும். புதிதாக ஒன்றில் இறங்கித் தோற்றுப் பார்க்க அப்போது யாருக்கும் நேரமும் இருக்காது, துணிச்சலும் இருக்காது. நடுநிலை வகுப்பில் இரண்டும் இருக்கிறது. விகிதம், சுற்றளவு, கோணம் எல்லாம் பாடத்தில் வருவதும் இப்போதுதான். 12 பல் கியர் 36 பல் கியரைச் சுற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, தள்ளும் வலு ஏறத்தாழ மூன்று மடங்காகும் என்பதைக் கையால் உணர்ந்த பிள்ளைக்கு விகிதக் கணக்கை இரண்டாம் முறை சொல்லித்தர வேண்டியதில்லை.

தனியாகச் செய்யும் அறிவியல் கண்காட்சி மாதிரிகளும் நல்லவைதான். அணியாகச் செய்யும்போது கூடுதலாக ஒன்று கிடைக்கிறது: சண்டை. அதைச் சண்டை என்றே சொல்கிறேன். ரோபோவின் முன்கையை எப்படி அமைப்பது என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு யோசனை. மேலிருந்து கொக்கி போல இறக்கலாம் என்று ஒருத்தி, தரையோடு தள்ளலாம் என்று ஒருவன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. கல்லூரியிலிருந்து வந்து உதவிய தம்பியே, நீங்கள் யார் பக்கமும் பேசவில்லை. "ரெண்டையும் கட்டுங்க, பத்துப் பத்து தடவை ஓட்டுங்க, எண்ணி நோட்டுல எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். கொக்கி தவறாமல் எடுத்தது, ஆனால் மெதுவாக. தள்ளும் கை வேகம், ஆனால் அடிக்கடி தவறியது. தன் கை தோற்றதை அந்தப் பையனே நோட்டில் எழுதினான். பிறகு கொக்கியை வேகமாக்க அவன் சொன்ன மாற்றம்தான் போட்டியில் ஓடியது. தன் யோசனை தோற்பது வேறு, தான் தோற்பது வேறு என்று பன்னிரண்டு வயதில் ஒருவன் கற்றுக்கொண்டான். அண்ணா என்று அவன் உங்களைக் கூப்பிடுவதில் இப்போது ஒரு தனி மரியாதை இருக்கிறது, கவனித்தீர்களா?

இனி, முன்னே சொன்ன நிஜப் பிரச்சினைக்கு வருகிறேன். நாங்கள் கலந்துகொண்ட 2024-25 பருவத்துக்குக் கடல்தான் கருப்பொருள். ஆழத்தில் உயிரினங்களைப் பார்க்க ஒரு கேமராவை நிரந்தரமாகக் கடலுக்கடியில் வைத்துவிடலாம் என்று பிள்ளைகள் திட்டம் போட்டார்கள். கடலியல் ஆராய்ச்சி செய்யும் அம்மா ஒருவர் வீடியோ அழைப்பில் அதைப் பொறுமையாகக் கேட்டார். மேடம், நீங்கள் "சூப்பர்" என்று சொல்லி முடித்திருக்கலாம். "கொஞ்ச வாரத்துல உங்க கேமராவுக்கு எதுவுமே தெரியாதே, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டீர்கள். கடல்நீரில் போட்ட எந்தப் பொருளின் மேலும் பாசியும் சிப்பியும் படியத் தொடங்கிவிடும், கப்பலின் அடிப்பாகம் முதல் ஆராய்ச்சிக் கருவிகள் வரை எல்லோருக்கும் இதே தலைவலி என்று விளக்கினீர்கள். அழைப்பு முடிந்ததும் அறையில் சத்தமே இல்லை. அடுத்த வாரம் கண்ணாடியைத் துடைக்க ஒரு சின்னத் துடைப்பானும், சுற்றி ஒரு செம்புத் தகடுமாக வந்து நின்றார்கள். செம்பின் மேல் உயிர்கள் எளிதில் ஒட்டாது என்பதை நூலகர் எடுத்துக்கொடுத்த புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பெரிய மனிதர்களாக மதித்துக் குறை சொன்னதற்கு உங்களுக்கு நன்றி. எந்தப் பக்கம் என்று சொல்லாமல் புத்தகத்தை மட்டும் நீட்டிய நூலகர் அவர்களுக்கும்.

போட்டி மேசையைச் செய்துகொடுத்த தச்சர் அண்ணன், மேசையின் விளிம்பு சமமாக இல்லாவிட்டால் ரோபோ சுவரில் உரசித் திரும்பும்போது கோணம் மாறிவிடும் என்று பிள்ளைகள் சொன்னதை அக்கறையாகக் கேட்டு, அவர்கள் கண்முன்னே மறுபடி இழைத்துக் கொடுத்தார். விடுமுறை நாளிலும் ஆய்வகத்தைத் திறந்துவைத்துக் கடைசிப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்வரை காத்திருந்த காவலர் ஐயா, மாலைச் சிற்றுண்டியை முறைவைத்துக் கொண்டுவந்த பெற்றோர்கள், கால அட்டவணையை வளைத்துக்கொடுத்த தலைமையாசிரியர், எல்லோருக்கும் நன்றி.

போட்டியன்று கேபிள் ஒன்று உடைந்துபோனது. பக்கத்து மேசை அணியினர், அதாவது எங்களுக்கு அடுத்து ஓட வேண்டிய போட்டியாளர்கள், கேட்பதற்கு முன்பே தங்களிடமிருந்த உபரி கேபிளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் இந்தப் போட்டிகளுக்குள் விதைத்த பண்பு அது: முழு மூச்சாகப் போட்டியிடு, எதிரணிக்கும் உதவு. அந்தப் பிள்ளைகளின் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களில் யாருடைய பெற்றோராவது இதைப் படித்தால், எங்கள் நன்றியைச் சொல்லிவிடுங்கள். நடுவர்களுக்கும் ஒரு வார்த்தை. 5 நிமிட விளக்கத்தில் பாதியிலேயே குரல் அடைத்துப்போன எங்கள் ஆறாம் வகுப்புப் பெண்ணை நீங்கள் அவசரப்படுத்தவில்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"என் பொண்ணுக்கு ரோபோவில் நாட்டமில்லை" என்று சொன்ன பெற்றோர்களுக்கு: ரோபோ மட்டும்தான் வழி என்றில்லை. ஃபியூச்சர் சிட்டி என்ற போட்டியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் வருங்கால நகரம் ஒன்றைத் திட்டமிட்டு, பெரும்பாலும் பழைய பொருள்களால் மாதிரி செய்கிறார்கள். எழுதப் பிடித்தவளுக்கும் வரையப் பிடித்தவளுக்கும் அதில் இடமுண்டு. அமெரிக்காவின் சயின்ஸ் ஒலிம்பியாட்டில் 15 பேர் வரை ஒரு அணி, உயிரியல் முதல் பாலம் கட்டுவது வரை பல பிரிவுகள். 1978இல் தொடங்கிய ஒடிசி ஆஃப் த மைண்டில் நாடகமும் இயந்திரமும் கலந்தே வரும், அணிக்கு வெளியே யாரும் ஒரு யோசனைகூடச் சொல்லக் கூடாது. உலக ரோபோ ஒலிம்பியாடில் இரண்டு மூன்று பேரே போதும். எங்கள் அணியிலேயே ரோபோவைத் தொட விரும்பாத ஒரு பையன் இருந்தான். கேள்விகளைத் தயாரித்து அந்தக் கடலியல் மேடத்திடம் பேசியது அவன்தான்.

மேசையும் உதிரிப் பாகங்களும் நோட்டும் ஆய்வகத்தில்தான் இருக்கின்றன. அடுத்த அணிக்கான பெயர்களை இப்போதே வாங்கத் தொடங்கிவிட்டோம். எட்டாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகள் புதியவர்களுக்கு வழிகாட்ட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொட மாட்டோம், கேள்வி மட்டும் கேட்போம் என்று அவர்களாகவே சொன்னார்கள். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த பெரியவர்கள் யாரும் என்னிடம் சொல்லுங்கள். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

அன்புடன்,
அணியின் பொறுப்பாசிரியர்